ஒன்பதாவது நிபந்தனை

அந்த நாற்காலியில உக்காராதீங்க, அதுக்கு ஒரு கால் ஆட்டம். முந்தாநேத்து ஒரு பெரிய மனுசன், ஏதோ பாலிடெக்னிக் தாளாளராம், வெள்ளைச் சட்டை கலையாம உக்காந்தாரு, அப்படியே பொத்துனு போயிட்டாரு. இப்படிப் பெஞ்சுக்கு வாங்க, நான் நகந்துக்கறன். உள்ள இருக்கறவரு பதினொன்றரைக்கு மேலதான் கூப்பிடுவாரு. நான் மூணாவது நாளா இங்க கெடக்கறன். இந்த ஆபீசுல எந்த ஃபேன் சுத்தும், எது சுத்தற மாதர நடிக்கும்னு எனக்கு அத்துபடி.

கையில என்னுங்க, பச்சை ஃபைலா? அட கெரகத்தே! அதேதான். நாலாம் பக்கம், ஒன்பதாவது நிபந்தனை. படிச்சீங்களா? படிக்கலையா? யாருமே படிக்கறதில்லீங்க. கடைசிப் பக்கத்தைத் திருப்பி, சீல் எங்க குத்தணும்னு மட்டும் பாப்போம். திருப்ப வேண்டாம், நானே சொல்றன், எனக்கு மனப்பாடம். "அரசு உதவி பெறும் கல்லூரி, மற்ற நிறுவனங்களை அனுமதிப்பது போலவே ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலர்களையும் வளாகத்துக்குள் அனுமதிக்க வேண்டும். மாணவ மாணவியரின் பெயர், வயது, உயரம், கைபேசி எண் அடங்கிய பட்டியலைக் கேட்கும்போது அளிக்க வேண்டும். தவறினால் உதவி நிறுத்தப்படும்." அவ்வளவுதாங்க. மூணே வரி. அந்த மூணு வரியில என்ற மானம், என்ற மீசை, பொம்பளப் புள்ளைங்க விடுதி, மூணும் மாட்டிக்கிச்சு.

நான் சென்னியப்பனுங்க. அந்தியூர்ப் பக்கம். மாட்டுத் தரகன். இப்பத்தான் தாளாளர், கல்வித் தந்தை, வள்ளல், எல்லாம். போஸ்டர்ல போடறானுங்க, நான் என்ன பண்ண? ஏழாங்கிளாசுக்கு மேல என்னையப் பள்ளிக்கூடம் தாங்கலை. வாத்தியார் கன்னத்துல ஒண்ணு வெச்சாரு, நான் அவரு சைக்கிள் டயரை அறுத்துப்போட்டேன். அதுக்கும் இதுக்கும் சரி. பன்னெண்டு வயசுல சந்தையில கயிறு புடிக்கப் போனவன், இருபத்தெட்டுல மூணு தாலூகாவுக்கும் நாந்தான் தரகு. மாட்டு வாயைப் பொளந்து பல்லு பாத்தன்னா, அதும்பட பாட்டி பேரு வரைக்கும் சொல்லுவேன்.

அப்பறம் எதுக்குய்யா காலேஜுன்னு கேக்கறீங்க. கேக்கலைன்னாலும் சொல்லுவேன். என்ற பையனுக்குப் பி.காம். சீட்டு கேட்டு பக்கத்தூரு காலேஜுக்குப் போனனுங்க. அந்த முதலாளி என்ற வேட்டியை ஏற எறங்கப் பாத்துப்போட்டு, "மாட்டுக்காரன் மகனுக்கு எதுக்குய்யா பி.காம்? மாடு கணக்கா கேக்குது?" அப்படீன்னான். சுத்தியும் நாலு பேரு சிரிச்சானுங்க. எனக்குச் சுருக்குனு ஏறிப்போச்சு. "இதே ரோட்டுல, உன்ற கேட்டுக்கு எதுத்தாப்பல, உன்ற காலேஜை விட ஒரு அடி ஒசரமா கட்டறண்டா"ன்னு சொல்லிப்போட்டு வந்தேன். எதுத்தாப்பல எடம் கெடைக்கலை, பதினோரு மைலு தள்ளித்தான் கெடைச்சுது. ஆனா கட்டினேன். ஏழு பேரு கூட்டு. ஆறு பேரு ரெண்டே வருசத்துல ஓடிட்டானுங்க. நான் ஓடலை. எனக்கு ஓடத் தெரியாது, ஓட்டத்தான் தெரியும். பையன் அதுல படிச்சானான்னு கேக்காதீங்க. அவன் திருப்பூருக்குப் போயி பனியன் கம்பெனி வெச்சுட்டான்.

எண்ணூத்து நாப்பது புள்ளைங்க இப்ப. பாதிக்கு மேல பொம்பளப் புள்ளைங்க. மலை மேல இருந்து வர்றதுங்க, ஆத்துக்கு அந்தண்ட இருந்து வர்றதுங்க. சாயங்காலம் ஆறேகாலுக்குக் கடைசி பஸ். அதை விட்டா அப்பன்காரன் மறுநா வந்து, "படிச்சது போதும் வா"ன்னு கூட்டிட்டுப் போயிருவான். அடுத்த முகூர்த்தத்துல பத்திரிகை நீட்டுவான். எத்தனை பத்திரிகை வாங்கியிருக்கறன் தெரியுங்களா? ஒவ்வொண்ணுக்கும் மொய் வேற. அதுக்குத்தான் விடுதி. அரசாங்க உதவி வந்துச்சு, அஸ்திவாரம் போட்டோம், தூணு எழுப்பினோம். கம்பி நீட்டிக்கிட்டு நிக்குது இன்னிக்கும். அது வரைக்கும் அறுவத்திரெண்டு புள்ளைங்க எங்க படுக்குதுன்னு நெனைக்கறீங்க? விலங்கியல் ஆய்வகத்துல. மேசையை ஓரங்கட்டிட்டு, பாய் விரிச்சு. அலமாரி பூராவும் பாட்டில்ல பாம்பு, தவளை, ரெண்டு தலை ஓணான். ஒரு புள்ளை கட்டுவிரியன் பாட்டிலு மேல தாவணி காயப் போட்டிருந்துச்சு. நான் என்ற கண்ணால பாத்தேன்.

இப்படி இருக்கறப்பத்தான் அடுத்த தவணை உதவிக்கு இந்தப் பச்சை ஃபைல் வருது. எங்க காலேஜு முதல்வர் ஞானசிகாமணி, ரெண்டு டாக்டர் பட்டம், ஒரு சத்தம் கெடையாது, பூனையாட்ட வந்து நின்னாரு.

"சார், புதுசா ஒரு நிபந்தனை சேத்திருக்காங்க. ராணுவத்துல இருந்து ஆளெடுக்க வருவாங்களாம். கையெழுத்துப் போட்டுரலாம் சார். மூணு நாள் கிரவுண்டுல இருந்துட்டுப் போயிருவாங்க."

"ஏனுங் முதல்வரே, நீங்க ஊட்டுல கத்திரிக்கா வாங்குவீங்களா?"

"வாங்குவேன் சார்."

"சொன்ன வெலைக்கே வாங்குவீங்களா?"

"ஆமா சார்."

அந்த மனுசன்கிட்ட அதுக்கு மேல என்னத்தப் பேச! சந்தையில மொத வார்த்தைக்கு எவன் தலையாட்டினாலும் அவன் மாட்டுல ஏதோ குத்தம் இருக்குதுன்னு அர்த்தம். "முடியாது, போய்யா"ன்னு துண்டை உதறிட்டு நாலு எட்டு நடக்கணும். அஞ்சாவது எட்டுல கூப்பிடுவான். கூப்பிடாம இருந்ததா என்ற முப்பத்தஞ்சு வருச அனுபவத்துல கெடையாது. என்ற கணக்கு என்னன்னா, அவனுங்க குடுக்கறது ஒரு மாடிக்கு. நான் முடியாதுன்னு நடந்தா, "சரி வாங்க, இன்னொரு மாடி சேத்துத் தர்றோம்"னு வருவானுங்க. ராணுவத்துக்கு ஆள் வேணும், எனக்கு மாடி வேணும். ரெண்டு பக்கமும் தேவை இருந்தா அது அருமையான ஏவாரம்.

தமிழ்த்துறைத் தலைவர் செம்பியனைக் கூப்பிட்டேன். அவரு எந்தக் காகிதத்தை எழுதினாலும் அதுல புலி உறுமும். காலேஜுத் தண்ணித் தொட்டி கழுவலைன்னு சுற்றறிக்கை எழுதினாக்கூட படிக்கறவனுக்கு மயிர் கூச்செறியும். "செம்பியரே, முடியாதுன்னு எழுதணும். கொஞ்சம் சூடா எழுதுங்க"ன்னேன். என்ற கணக்கை அவருகிட்டச் சொல்லலை. தரகன் ரகசியத்தைத் தண்டோரா போட முடியுங்களா?

எழுதினாரு பாருங்க. "எம் கல்லூரி மாட்டுச் சந்தை அன்று. எம் பிள்ளைகளின் மார்பை அளக்க எவன் நாடாவோடு வந்தாலும் எம் வாயிற்படி அவனுக்குத் திறவாது. கல்லுக்கும் மண்ணுக்கும் எம் பிள்ளைகளின் பெயர்களை விற்கோம்." எனக்கே ஒடம்பு சிலிர்த்துப்போச்சு. மாட்டுச் சந்தை அன்றுங்கற எடத்துல மட்டும் சித்த இடிச்சுது. இருந்தாலும் சரின்னு கீழ கையெழுத்துப் போட்டேன்.

செம்பியன் பண்ணின வேலை என்னன்னா, அதை ஒரு நகல் எடுத்து அறிவிப்புப் பலகையில ஒட்டிப்போட்டாரு. மத்தியானத்துக்குள்ள எண்ணூத்து நாப்பது போன்லயும் அது ஓடுது. மறுநா காலையில நான் காருல இருந்து எறங்கறேன், பசங்க ஓடி வந்து தூக்கிட்டானுங்க. தொண்ணூத்தாறு கிலோ நான். தூக்கிட்டானுங்க! "தாளாளரய்யா வாழ்க!" பேரு வெச்சுக் கூப்பிட்டாக்கூடத் திரும்பிப் பாக்காத வாத்தியாருங்க, என்ற முதுகுக்குப் பின்னால "மாட்டுக் காலேஜ்"னு சொல்லிச் சிரிக்கறவனுங்க, எந்திரிச்சு நின்னு கை தட்டறானுங்க. இயற்பியல் அம்மா ஒருத்தங்க கண்ணைத் தொடைச்சுக்கிட்டு, "உங்களைத் தப்பா நெனைச்சுட்டோம் சார்"னாங்க. கேட்டுல பன்னெண்டு அடிக்கு பேனரு. அதுல என்ற மீசை மட்டும் மூணடி.

பொய் சொல்லலை, நல்லாத்தான் இருந்துச்சு. எனக்கும் உள்ளுக்குள்ள, அட, நாம நெசமாவே அப்படிப்பட்ட ஆளுதானோன்னு தோணிப்போச்சு. பத்திரிகைக்காரரு ஒருத்தரு வந்தாரு. "ஏன் எதிர்க்கிறீங்க?"ன்னாரு. செம்பியன் சொல்லிக் குடுத்ததை அப்படியே சொன்னேன். படிப்பு முடிக்காத புள்ளைங்க பேரையும் ஒசரத்தையும் அதுங்களைக் கேக்காம எப்படிய்யா குடுக்கறதுன்னு. சொல்லிப்போட்டு, உள்ளுக்குள்ள அஞ்சாவது எட்டை எண்ணிக்கிட்டே இருந்தேன்.

ஒரு வாரம். கூப்பிடலை. ரெண்டு வாரம். கூப்பிடலை. நாலாவது வாரம் ஒரு கவரு வந்துச்சு. பாத்தீங்களா, நான் சொன்னனில்லன்னு முதல்வர் முன்னாடியே கிழிச்சேன். ரெண்டே வரி. நிபந்தனையை ஏற்காததால் உதவி நிறுத்தி வைக்கப்படுகிறது. தங்கள் உண்மையுள்ள.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! மேசை மேல இருந்த உலக உருண்டையைத் தூக்கி அடிச்சேன், ஆஸ்திரேலியா தனியாப் போயிருச்சு. பேரம் பேசாமயே போறதா? "எவ்வளவுதான் கேக்கற"ன்னு ஒரு வார்த்தை கேக்காத ஏவாரியை நான் பொறந்ததுல இருந்து பாத்ததில்லீங்க. மொட்டையா ரெண்டு வரி! மாட்டை வேண்டாம்ங்கறப்பக்கூட முதுகுல ஒரு தட்டுத் தட்டிட்டுப் போவோம்.

"இப்ப ஏத்துக்கறோம்னு எழுதலாமா சார்?"னு முதல்வர் மொணகறாரு. எப்படிங்க எழுதறது? வெளிய மூணடி மீசை நிக்குது.

பொட்டாட்டக் கெளம்பி, ஆளெடுக்கற ஆபீசுக்கே போயிட்டேன், கோயமுத்தூருக்கு. யாருக்கும் சொல்லலை. அங்க ஒரு கர்னல், ஜெபத்துரைன்னு பேரு, தூத்துக்குடிக்காரரு. நல்ல மனுசன். நான் யாருன்னு சொன்னதும் எந்திரிச்சு வந்து கை குடுத்தாரு. கை கெடைச்சா விடுவனா? தோள்ல கெடந்த துண்டை எடுத்து ரெண்டு கைக்கும் மேல போத்தினேன். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், சந்தையில வெலையை வாயில சொல்ல மாட்டோம், துண்டுக்குள்ள வெரலைப் புடிச்சுத்தான் பேச்சு. சுத்தி நிக்கறவனுக்குத் தெரியக்கூடாதுல்ல. அவரு ரெண்டு வெரலைப் புடிச்சேன். ரெண்டு மாடி. அவரு கையை உருவப் பாத்தாரு. சரி, ரொம்பக் கேட்டுட்டோம்போலன்னு ஒரு வெரலைப் புடிச்சு, பக்கத்து வெரல்ல பாதியைத் தடவினேன். ஒண்ணரை.

அவரு மொகம் செக்கச்செவேல்னு ஆயிருச்சு. வாசல்ல நின்ன ஜவான் துப்பாக்கியைத் தோள் மாத்தினான்.

"அண்ணாச்சி, கைய விடுங்க."

"நீங்களும் ஒரு வெரலைப் புடிங்க சார். எதுன்னாலும் பேசிக்கலாம்."

"அண்ணாச்சி, மொதல்ல கைய விடுதியளா இல்லையா?"

விட்டேன். உக்கார வெச்சு டீ குடுத்தாரு. பொறுமையாத்தான் சொன்னாரு. "நாங்க யாரையும் கட்டி இழுத்துட்டுப் போவல அண்ணாச்சி. கம்பெனிக்காரன் வாரான், பேங்க்காரன் வாரான், நாங்களும் வாரோம். பிரியப்பட்ட பிள்ளைக வரும். உங்க கட்டடத்துக்கும் எனக்கும் என்ன இருக்கு? துட்டு வேற ஆபீஸு, நிபந்தனை போட்டது வேற ஆபீஸு. எனக்கு எடம் வேணும், அவ்வளவுதான். அதையும் பக்கத்துக் காலேஜுல குடுத்துட்டாவ."

எந்தப் பக்கத்துக் காலேஜுன்னு நெனைக்கறீங்க? மாடு கணக்கா கேக்குதுன்னானே, அவனேதான். அவன் மொத வார்த்தைக்கே தலையாட்டியிருக்கறான். மாடி கட்டிக்கிட்டு இருக்கறான். வெக்கங்கெட்டவன்.

டீயைக் கீழ வெச்சுட்டேன். எனக்கு எதிராளி எத்தனை பெரிய ஆளா இருந்தாலும் பயமில்லை. ஆனா இந்த ஏவாரத்துல எதிராளியே இல்லை. இவரு அங்கங்கறாரு, அங்கிருக்கறவன் மேலங்கறான், மேல இருக்கறவன் கடுதாசி மட்டும் போடறான். வெரலே இல்லாத சந்தையில எங்க போயித் துண்டைப் போடறது?

ஊருக்கு வந்தா அடுத்தது காத்துக்கிட்டு இருக்குது. மாதேவி. ரெண்டாம் வருசம் வரலாறு. பர்கூர் மலையில இருந்து வர்ற புள்ளை. அவ அப்பன் பசுவண்ணன்கிட்ட நான் மாடு வாங்கியிருக்கறன். பர்கூர் மாடு தெரியுமில்ல? செவலை, வெள்ளைத் திட்டு, பட்டியில அடங்காது, மலையில ஓடறப்பப் பாக்கணும். புள்ளையும் அதே ரகம். காலையில அஞ்சரைக்கு எங்க கிரவுண்டை இருவது சுத்து ஓடுவா. வாச்மேன் சைக்கிள்ல வெரட்டினாலும் சிக்க மாட்டா.

"ஐயா, எனக்கு இந்தக் காலேஜுல படிக்கறேன்னு ஒரு சான்று வேணுங்க."

"எதுக்கு அம்மிணி? பேங்க்ல கடனா?"

"இல்லீங்கய்யா. பக்கத்துக் காலேஜுல ஆர்மி செலக்சன். பொண்ணுங்களும் ஓடலாமாம். நான் போறேன்."

எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. நான் இங்க மூணடி மீசையோட எதுத்து நிக்கறன். என்ற காலேஜுப் புள்ளையே அங்க போயி, அதுவும் அவன் கேட்டுக்குள்ள போயி, அவன் கிரவுண்டுல ஓடினா, நாளைக்கு எவனாவது பேரம் பேச வந்தாக்கூட என்ற சரக்குக்கு மதிப்பு இருக்குமா? பதவிசாத்தான் சொன்னேன்.

"கண்ணு, நான் சொல்றதைக் கேளு. போகமாட்டேன்னு ஒரு காகிதம் எழுதிக் குடு. விடுதி கட்டி முடிச்சதும் மொத ரூம்பு உனக்கு. ஜன்னல் வெச்ச ரூம்பு."

"எழுதிக் குடுக்கலைன்னாங்கய்யா?"

"எழுதிக் குடுக்கலைன்னா சான்று இல்லை."

அவ சிரிச்சா. வாயைப் பொத்திக்கிட்டு, தோளு குலுங்கச் சிரிச்சா. எதுக்குச் சிரிச்சான்னு இன்னிவரைக்கும் எனக்கு வெளங்கலைங்க. எதுவும் தப்பாச் சொன்னனா? நியாயமான ஏவாரந்தானுங்களே அது. அவளுக்கு ரூம்பு, எனக்கு மானம்.

சிரிச்சு முடிச்சுப்போட்டு, "ஐயா, அந்தப் பெரிய கடுதாசி எழுதுறப்ப எங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"ன்னா.

"உங்களுக்காகத்தான அம்மிணி எழுதினேன்!"

"கேட்டீங்களாய்யா?"

கேக்கலை. மாட்டைக் கேட்டுட்டா வெலை பேசறோம்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. முழுங்கிட்டேன். நல்லவேளை.

போன வாரம், புள்ளைங்க எல்லாம் சேந்து ஆய்வகத்துக்கு என்னைய வரச்சொல்லி ஆள் விட்டுச்சுங்க. நான் தாளாளரு, என்னைய வரச்சொல்லி! போனேன். தவளை அறுக்கற முக்காலியில உக்கார வெச்சுச்சுங்க. சுத்தியும் பாயில அறுவத்திரெண்டு பேரு. மேல பாட்டில்ல பாம்பு பூராவும் என்னையே பாக்குது.

மாதேவிதான் எந்திரிச்சா. "ஐயா, நாங்களே பேசி, கை தூக்கி முடிவு பண்ணிட்டோம். ஆர்மிக்காரங்க வரட்டும். வேணும்ங்கறவ போவா, வேண்டாம்ங்கறவ கிளாசுக்குப் போவா. ஆனா பேரு பட்டியல் மட்டும் குடுக்கக்கூடாது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "உனக்கென்ன அம்மிணி? நீதான போகணும்னு ஒத்தக்கால்ல நிக்கறவ. பட்டியல் குடுத்தா உனக்கு லாபந்தான?"

"என்ற பேரை நான் குடுத்துக்கறனுங்கய்யா. இவ பேரை எதுக்குக் குடுக்கணும்?" பக்கத்துல இருந்த கோகிலவாணி தலையில கை வெச்சா. ஆத்துக்கு அந்தண்டப் புள்ளை, ஈர்க்குச்சியாட்ட இருக்கும்.

அது வாயத் தொறந்துச்சு. "ஐயா, என்ற மாமன் மூணு வருசமா என்ற நம்பரைக் கேட்டுக்கிட்டு இருக்கறான். அவனுக்கே குடுக்கலை. யாருன்னே தெரியாதவங்களுக்கு நீங்க குடுத்துப்போடுவீங்களா?" எல்லாம் கொல்லுனு சிரிச்சுதுங்க. அது சிரிக்கலை. "ஆர்மியில இருந்து ஒரு போன் ஊட்டுக்கு வந்துச்சுன்னா போதும், எங்கப்பன் மறுபேச்சு பேசாம என்னைய நிறுத்திருவாருங்க. அப்பறம் அந்த மாமன்தான்."

"அந்த ஒரு வரிக்காக விடுதியே வரலைன்னா?"

மாதேவி பாட்டில் பக்கம் கையைக் காட்டினா. "இன்னொரு வருசம் இதுங்களோட படுத்துக்கறோம். பழகிப்போச்சு. அதுங்க எதும் கேக்கறதில்லை."

படிவத்தை எடுத்து, பட்டியல்ங்கற வரியை ஸ்கேலு வெச்சு ஒரே கோடா அடிச்சு, ஓரத்துல அறுவத்திரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுச்சுங்க. எடம் பத்தாம பின்பக்கத்துலயும் போட்டுச்சுங்க. நெசமாச் சொல்றன், அந்தப் புள்ளைங்களுக்கு ஏவாரமே தெரியலை. கையில இருக்கறதை விட்டுப்போட்டு, ஒரு கோடு போடறதுக்கு இத்தனை பிடிவாதம்!

சான்று நான் குடுக்கலை. அவ கேக்கவும் இல்லை. பஸ் பாஸை எடுத்துக்கிட்டுப் போயிட்டா. அதுல காலேஜு சீலும் என்ற கையெழுத்தும் இருக்குதாம். எனக்கே தெரியாது.

நான் அந்தக் கோடு போட்ட படிவத்தை எடுத்துக்கிட்டு முந்தாநேத்து, உதவிப் பணம் குடுக்கற இந்த ஆபீசுக்கு வந்தேன். உள்ள இருக்கறவரு கண்ணாடியை மூக்கு நுனிக்கு எறக்கிப் பாத்தாரு. "அடித்தல் திருத்தல் உள்ள படிவம் வாங்கறதில்லீங்க. புதுப் படிவம் தர்றேன், சுத்தமா கையெழுத்துப் போட்டு, பட்டியலையும் வெச்சுக் குடுத்துட்டுப் போங்க. ஜூனுக்குள்ள கூரை போட்டுரலாம். அந்தப் பசங்களுக்கு யாரு போயிச் சொல்லப் போறாங்க?"

புதுப் படிவம். வெள்ளை வெளேர்னு. அன்னிக்குப் பூரா ஜோப்புல வெச்சுக்கிட்டுச் சுத்தினேன். நேத்து காலையில இந்தப் பெஞ்சுல, நீங்க உக்காந்திருக்கீங்களே, அதே எடத்துல வெச்சு...

போட்டுட்டேனுங்க. கையெழுத்துப் போட்டுட்டேன். முதல்வருக்கு போன் பண்ணினேன், அவரு மறுபேச்சு பேசாம பட்டியலை அனுப்பிட்டாரு, எண்ணூத்து நாப்பது பேரு, ஒசரத்தோட. உள்ள இருக்கறவரு எந்திரிச்சு நின்னு கை குடுத்து, காப்பி வரச் சொன்னாரு. வெளிய வந்தா சும்மா காத்துல நடக்கறேன். ஒரு கையெழுத்து, ஒரு விடுதி. அறுவத்திரெண்டு புள்ளைங்களுக்கு மேல கூரை. அதுங்களுக்குத் தெரியவா போகுது? நல்லதைத்தான பண்ணியிருக்கறேன்? நீங்களே சொல்லுங்க. வேண்டாம், சொல்லாதீங்க.

சாயங்காலம் மெஸ்ஸுல உக்காந்து, சந்தோசத்துல நெய் ரோஸ்டு சொல்லிட்டு இருக்கறேன், போன் அடிக்குது. மாதேவி.

"ஐயா! ஆயிரத்தி அறுநூறு மீட்டர். நாந்தான் மொதல்ல வந்தேன். ரெண்டாவதா வந்தவ எனக்குப் பின்னால அரைச் சுத்து!"

"சபாஷ் கண்ணு"ன்னேன். எனக்குத் தெரியாம வந்துருச்சு வாயில.

"ஓடி முடிச்சதும் ஒரு காகிதம் குடுத்தாங்கய்யா. பேரு, வயசு, ஒசரம், நம்பரு. நானே எழுதினேன், என்ற கையாலயே. எங்கூட ஓடின பொண்ணு ஒருத்தி காகிதத்தை வாங்கிப் பாத்துப்போட்டு, வேண்டாம்னு திருப்பிக் குடுத்துட்டா. அவங்களும் சரிம்மான்னுட்டாங்க. அவ்வளவுதான்யா." மூச்சு வாங்குது அவளுக்கு, இன்னும் ஓடிக்கிட்டு இருக்கற மாதர. "ஐயா, அங்க என்ன ஆச்சு? நம்ம காகிதத்தை வாங்கிக்கிட்டாங்களா?"

"ம்"னேன்.

"வரியை அடிச்சதுக்கு ஒண்ணும் சொல்லலியா?"

"ம்."

"ஐயோ! எங்க ஐயான்னா ஐயாதான்! இருங்க, கோகிலா பேசணும்ங்கறா, குடுக்கறேன்."

நான் வெச்சுட்டேன்.

பொய்யிலயே சோறு தின்னவனுங்க நான். எட்டுப் பல்லு தேஞ்ச கெழட்டு மாட்டை, கன்னுக்குட்டியாட்ட இருக்குதுன்னு சத்தியம் பண்ணி வித்தவன். வித்த கையோட ஊட்டுக்குப் போயி கறிச்சோறு தின்னு தூங்குவேன். அந்த ரெண்டு 'ம்' மட்டும் தொண்டையில மீன் முள்ளாட்ட நின்னுக்கிச்சு. ரோஸ்டு அப்படியே கெடந்து வறட்டி ஆயிருச்சு. சர்வர் வந்து "நல்லா இல்லீங்களா?"ன்னான். அவனை நாலு வார்த்தை திட்டிப்போட்டேன், பாவம்.

அதனாலதான் இன்னிக்கும் வந்து உக்காந்திருக்கறன். போட்ட கையெழுத்தையும் அந்தப் பட்டியலையும் திருப்பிக் கேக்க. ஆமாங்க, திருப்பிக் கேக்க. கோடு போட்ட படிவம் இங்க ஜோப்புல இருக்குது. இதை வாங்கினா வாங்கட்டும், இல்லைன்னா தூணு மேல தகரத்தைப் போட்டு மூடிக்கறேன்.

சிரிக்காதீங்க. எனக்கு இது எத்தனை பெரிய கேவலம்னு உங்களுக்குத் தெரியாது. முப்பத்தஞ்சு வருசத்துல, கை குடுத்த ஏவாரத்தை நான் திருப்பினதே இல்லை. நட்டம்னாலும் இல்லை, மாடு மறுநா செத்தாலும் இல்லை. அப்படித் திருப்பிக் கேக்கறவனை எங்க சந்தையில பக்கத்துல உக்கார வெச்சு டீ குடிக்க மாட்டோம். நானே ஒருத்தனை எல்லாரு முன்னாடியும் செருப்பைக் கழட்டிக் காட்டி வெரட்டியிருக்கறேன். இப்ப நானே போயி, நேத்துக் காப்பி வாங்கிக் குடுத்த மனுசன் முன்னாடி நின்னு, சாமி, வாக்கு மாறிட்டேன், குடுத்ததைத் திருப்பிக் குடுங்கன்னு கேக்கணும். ராத்திரி பூரா எப்படிக் கேக்கறதுன்னு பேசிப் பாத்தேன். வாயே வரலை. அந்தப் பட்டியலைக் குடுத்தது ஒண்ணும் பெருசில்லீங்க, எல்லாரும் குடுக்கறதுதான். இந்தத் திருப்பிக் கேக்கறதுதான் எனக்குப் பெரிய பாவமாப் படுது.

இதோ டவாலிக்காரரு வர்றாரு. "சென்னியப்பன் யாரு"ங்கறாரு பாருங்க. மூணு நாளா பாக்கறாரு, இன்னும் யாருன்னு கேக்கறாரு. நாந்தானய்யா, வர்றேன்.

நான் போறேனுங்க. உங்களுக்கு எந்த ஊருன்னீங்க? கோபியா? அட, கோபிக்காரங்க பாதிப் பேரு எங்க சந்தைக்கு வருவாங்களே. கும்பிட்டுக் கேட்டுக்கறன், அந்தியூர்ச் சென்னியப்பன் ஏவாரத்தைத் திருப்பிட்டான்னு மட்டும் அங்க யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க.